கையில் பிடித்த கட்டைச் செருப்பு

நான் மண் தின்றவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மண் தின்னாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜோகூரில் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. சிவப்பு மண். நாலைந்து நாள் காய்ந்த பிறகு மழை விழுந்தால் சடக்கு என்கிற ரோட்டு ஓரத்து மேட்டிலிருந்து ஒரு வாசம் கிளம்பும், வாயில் எச்சில் ஊறிவிடும். நகத்தால் சுரண்டி, கல் இல்லாத மாவு மண்ணாகப் பார்த்து எடுத்து நாக்கில் வைத்தால் அப்படியே கரையும். அந்த மேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு குழி உண்டு. என் குழியில் வேறொருத்தி கை வைத்தால் சண்டைதான், முடியைப் பிடித்துக்கொண்டு உருளுவோம். இன்றைக்கும் எங்காவது மண் நனைகிற வாசம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை விரிக்கிறேன். வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் தின்றதில்லை.

அது ருசியில்லை, நோய் என்று பிற்பாடு சொன்னார்கள். இரத்தம் சுண்டிப்போன உடம்புதான் மண்ணைக் கேட்குமாம். இருக்கலாம். ஆனால் சின்ன வயதில் நான் ஆசைப்பட்டுத் தின்ற பண்டங்களில் அதற்குத்தான் முதலிடம். நோயாக இருந்தால் மட்டும் அந்த ருசி பொய்யாகிவிடுமா என்ன?

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். எங்கள் லயம் ஒரு சரிவில் இருந்தது. பலகைத் தரை, பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் நாங்கள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவு மெல்லிய சுவர். லயத்துக்குப் பின்னால் மேட்டில் ரப்பர் மரங்கள். எல்லோரும் ஒதுங்குவது அந்த மரங்களுக்கிடையில்தான், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மழை பெய்தால் அந்த மேட்டுத் தண்ணீரெல்லாம் வழிந்து, பெரட்டுக்களத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில்தான் இறங்கும். பெரட்டுக்களம் என்பது விடியுமுன் எல்லோரும் வரிசையாக நின்று ஆள் கணக்குக் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளும் இடம். ஆகவே தோட்டத்து ஜனம் முழுவதும் தினமும் அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனது. ஜோகூர் மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாதை காயவே காயாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் விரலிடுக்கில் அரிப்பு வரும். சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். "சேத்துப்புண்ணு" என்று சொல்லி வேப்பெண்ணெய் தடவிக்கொள்வோம், ஆறிவிடும். ஆறியதும் மறந்துவிடுவோம். அந்த அரிப்பும் எனக்குப் பிடித்ததுதான். அடுப்படியில் உட்கார்ந்து காலைச் சூடு காட்டிக்கொண்டே சொறிகிற சுகத்தை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

என் அம்மா பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவள். அப்பா காட்டு வேலைக்குப் போகிறவர், புல்வெட்டு, தண்ணீர் ஓடக் கான் தோண்டுவது. அம்மா அழகி என்று லயமே சொல்லும், "எம்புட்டு வெளுப்பு பாரு" என்று. அது நிறமில்லை, சோகை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு என்பதே இருக்காது. மேட்டு நிறையில், அவளுக்கு ஒதுக்கிய மர வரிசையில், வெட்டும்போது இரண்டு மரத்துக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். எனக்குப் பிறகு அவளுக்குப் பிறந்தவை தங்கவில்லை. ஒன்று பிறந்து அழவே இல்லை, இன்னொன்று தவழும் முன்பே போய்விட்டது. சிலர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், சிலர் காற்றுச் சேட்டை என்று தாயத்துக் கட்டினார்கள். எனக்கு ஏழு வயதோ என்னவோ ஆனபோது அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள். அப்பா அவள் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. பயந்துபோயிருந்தார். அது எனக்கே புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்கப் புதிதாக ஒரு டிரசர் வந்தார். சிங்கப்பூரில் வேலை பழகியவர், மீசை சரியாக முளைக்காத வயது. வந்தவுடனே எல்லோருடைய கண்ணையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளாகப் பார்த்து, லயத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். அதன் மேல் விளக்கெண்ணெய். எண்ணெய் வேலை செய்ய ஆரம்பித்ததும் வந்தது பாருங்கள் கூத்து. கங்காணி, காவல்காரர், கல்யாணமாகி வந்த புதுப்பெண் என்று எல்லோரும் மேட்டை நோக்கி ஓட்டம். மானம் மரியாதை எல்லாம் அன்று ஒரு பொழுது லீவில் போயிருந்தது. பல மாதம் எங்களுக்கு அதுதான் சிரிப்பு.

சிரித்தோமே தவிர, வெளியே வந்த புழு முட்டையெல்லாம் மறுபடி எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. மேட்டில் விட்டது மழையோடு பாதைக்கு வந்தது. தோட்டத்தில் கக்கூஸ் இல்லாமலும் இல்லை. வரிசையாகக் கட்டித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் பெரட்டுக்களத்துக்கு நேர் எதிரே. செம்பைத் தூக்கிக்கொண்டு அத்தனை ஆண்கள் முன்னால் எந்தப் பெண் அதற்குள் நுழைவாள்? ஒருத்தர் அதில் விறகு அடுக்கினார், ஒருத்தர் ஆடு கட்டினார். ஆடுகள் சௌகரியமாக இருந்தன.

டிரசர் லயத்து வாசலில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று விளக்கம் சொன்னார்.

"இந்தப் புழு வாய் வழியா வர்றதில்ல. ஈர மண்ணுல கெடக்கும். வெறுங்காலோட மிதிச்சா தோலுக்குள்ள ஏறிக்கிடும். அப்புறம் கொடலுக்குப் போயி ரத்தத்தக் குடிக்கும்."

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள், "காலுக்கு என்னாங்கய்யா, வாயா இருக்கு?" லயம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. டிரசரும் பாவம், சிரித்துவிட்டார்.

அம்மாவுக்கு மட்டும் அவர் பூச்சி மருந்து கொடுக்கவில்லை. எங்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அப்பாவிடம் தனியாகப் பேசினார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"வயித்துல புள்ள இருக்கு, இந்த மருந்து ஆகாது. ரத்தம் ஊற வேற மருந்து தர்றேன். ஆனா தெனமும் புதுசு புதுசா புழு ஏறிக்கிட்டு இருந்தா நான் குடுக்கிறது எதுக்கும் உதவாது. இப்ப இருக்கிற ரத்தத்தோட பிரசவம் ஆனா இவங்க தாங்கமாட்டாங்க. இனிமே ஈர மண்ணுல வெறுங்கால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

அப்பா அன்று சாயங்காலமே சடக்கோரத்துச் சீனன் கடைக்குப் போய் அம்மாவுக்கும் எனக்கும் கட்டைச் செருப்பு வாங்கி வந்தார். மரத்தில் செதுக்கி மேலே ரப்பர் வார் அடித்த செருப்பு. "நம்ம வெட்டுன பாலுதான், ஊரெல்லாம் சுத்திட்டு நம்ம காலுக்கே வந்திருக்கு" என்றார். அப்பா தமாஷ் பேசுவது அபூர்வம். எனக்கோ தலைகால் புரியவில்லை. டொக் டொக் என்று வீட்டுக்குள் நடந்து நடந்து பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பித் திட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டாள், வாசற்படி வரை. படியில் இறங்கும் முன் கழற்றினாள், சேலை மடிப்புக்குள் இடுக்கிக்கொண்டாள், வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நடந்தாள். சாயங்காலம் வந்து கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் மறுபடி போட்டுக்கொண்டாள். காய்ந்த பலகைத் தரையில் ராணி மாதிரி செருப்போடு சமையல் செய்தாள். இப்படியே தினமும். புழு இருக்கிற இடத்தில் செருப்பு கையில், புழு இல்லாத இடத்தில் செருப்பு காலில்.

காரணம் கிராணி வீடு. தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிறவர் கிராணி. அவர் வீடு பாதையை ஒட்டி உயரத்தில் இருந்தது. வராந்தாவில் நாற்காலி போட்டு அவர் காப்பி குடிக்கும்போது பாதை முழுவதும் அவர் கண்ணில் படும். கிராணி முன்னால், கங்காணி முன்னால், வெள்ளைக்காரத் தொரை முன்னால் செருப்புப் போட்டு நடப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், குடையை மடக்கிக்கொண்டு நனைவார்கள். கப்பலில் வரும்போது சட்டி பானையோடு இந்தப் பழக்கத்தையும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வாரம் செல்லச் செல்ல அம்மாவின் கால் வீங்கியது. ஒருநாள் நிறையில் மயங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அப்பாவுக்கு அன்றுதான் அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகிற கதை தெரிந்தது. அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கிராணி வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். தன் தேவைக்கென்று அந்த வீட்டு வாசலில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. துண்டு இடுப்பில், கை கட்டி, வெறுங்கால்.

"ஐயா, எம் பொஞ்சாதி மாசமா இருக்கு. டிரசரு செருப்பு போடச் சொல்லியிருக்காரு. ஐயா மனசு வச்சு உத்தரவு குடுக்கணும்."

கிராணி பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். உண்மையாகவே அவருக்கு ஆச்சரியம்.

"செருப்பு போடாதேன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதே இல்லை. யாருமே சொன்னதில்லை. அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கிராணி மட்டும் பின்னாலிருந்து, "தொரை வர்ற நேரத்துல மட்டும் கொஞ்சம் பாத்து நடந்துக்கச் சொல்லு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கொடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னதும் அம்மா கேட்டாள், "போடாதேன்னு சொல்லலீங்க. போடுன்னு சொன்னாரா?"

அடுத்த நாளும் செருப்பு கையில்தான். அம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். பாம்பைக் கண்டால் வெட்டுக்கத்தியால் அடித்துத் தூர எறிகிறவள் அவள். அந்த வராந்தாவின் முன்னால் மட்டும் அவள் கால் செருப்போடு நகர மறுத்தது, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பெரட்டுக்களத்தை ஒட்டிய ஆயாக்கொட்டகை. பால்மரத்துக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். தினமும் அம்மாவோடுதான் அந்தப் பாதையில் போவேன். கிராணிக்கு என் மேல் என்ன அதிகாரம், நான் என் செருப்பில் டொக் டொக்கென்று போயிருக்கலாம். ஆனால் பிள்ளை எதைப் பார்க்கும்? தாயைத்தான் பார்க்கும். அம்மா படியில் கழற்றினால் நானும் கழற்றினேன். அவள் இடுக்கிக்கொண்டால் நானும் பாவாடைக்குள் இடுக்கிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் நடந்ததால் அவள் கவனிக்கவில்லை.

மழை தூறிய ஒரு காலை. கிராணி வீட்டுக்கு நேராக வரும்போது என் பாவாடைக்குள்ளிருந்து ஒரு செருப்பு நழுவிச் சேற்றில் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் கணுக்கால் வரை சேறோடு, இன்னொரு செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டி கழட்டுன?"

"நீ கழட்டுனியே."

வாயோரத்தில் சிவப்பாக மண் ஒட்டியிருந்ததோ என்னவோ, அம்மா பெருவிரலால் என் உதட்டை அழுத்தித் துடைத்தாள். பிறகு குனிந்தாள். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு குனிய அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். சேற்றில் கிடந்த செருப்பை எடுத்து முந்தானையால் துடைத்து என் கால் இரண்டிலும் மாட்டினாள். நிமிர்ந்து தன் செருப்பையும் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். வராந்தாவில் கிராணி காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னாலேயே நடந்தாள். எனக்கு அழுகை வந்தது, ஏனென்று அப்போது தெரியவில்லை.

பெரட்டில் கங்காணி விடவில்லை. "என்னா புள்ள, தொரசாணி ஆயிட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வரிசையில் சிரித்தார்கள்.

"உங்க காலுல தோலு சப்பாத்து இருக்கு கங்காணி, புழு ஏறாது. எங்காலுக்கு இதுதான் இருக்கு" என்றாள் அம்மா.

சிரிப்பு நின்றது. கங்காணி எதையோ முணுமுணுத்துவிட்டு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த சம்பளத்துக்குப் பிறகு இன்னும் சில பெண்கள் சீனன் கடைக்குப் போனார்கள். பிறகு இன்னும் சிலர். கொஞ்ச நாளில் விடியற்காலைப் பாதையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் சேவல்களே எழுந்தன. டிரசர் யாரிடமோ மல்லுக்கட்டி, கக்கூஸையும் லயத்துக்குப் பின்பக்கமாகத் தட்டி வைத்து மறைத்துக் கட்ட வைத்தார். ஆடுகளுக்குத்தான் வீடு போயிற்று.

தம்பி ஒரு மத்தியானத்தில் பிறந்தான். நிறைய இரத்தம் போயிற்று. டிரசர் எங்கள் வீட்டிலேயே பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார், அப்பா வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றவர்தான். அம்மா தப்பித்தாள். அவள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டபோது அப்பா வீட்டுக்குப் பின்னால் போய்ச் சத்தம் போட்டு அழுதார். அது லயம் முழுவதும் கேட்டது, ஒருவரும் கேலி செய்யவில்லை.

தம்பி செருப்பிலேயே நடை பழகினவன். வருஷா வருஷம் பூச்சி மருந்து குடித்தவன். மண் மேட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு போய் என் குழியைக் காட்டினால், "இதையா தின்னுவ?" என்று முகத்தைச் சுளித்தான். அவன் மூங்கில் மாதிரி வளர்ந்தான். அதே அப்பா, அதே அம்மா, அதே சோறும் கருவாடும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் என் தலைக்கு மேல் பார்த்துப் பேசினான். நான் எப்போது வளர்வதை நிறுத்தினேன் என்று யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்தவர்கள், "சின்னப் புள்ளையா இருக்கே, இன்னும் நாளாவட்டும்" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது இருபதை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அம்மாவால் முடியாது, அன்று இரண்டு வேளை சாப்பிடமாட்டாள்.

பொந்தியானிலிருந்து ஒரு இடம் வந்தது. போட்டோ கேட்டிருந்தார்கள். அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஜோகூர் பாரு போனாள். கடைவீதியில் ஒரு சீனர் போட்டோக் கடை. உள்ளே திரையில் ஏரியும் வெள்ளை மாளிகையும் வரைந்திருந்தது. அவர் தம்பியைப் பின்னால் நிறுத்தி, என்னைச் சின்ன முக்காலியில் உட்கார வைத்து, "அடேக், டுடோக் சினி" என்றார். தங்கச்சி, இங்கே உட்கார் என்று.

"இனி காக்கா. இத்து அடேக்" என்றாள் அம்மா, இவள்தான் மூத்தவள், அவன்தான் தம்பி என்று.

கடைக்காரர் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. கல்யாணப் போட்டோ என்று தெரிந்ததும் உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் போட்டு, என்னை அதன் மேல் நிற்கச் சொன்னார். சேலை பெட்டியை மறைத்துவிடும், உயரமாகத் தெரியும், யாருக்கும் தெரியாது என்று கையால் காட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சேலையைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை வைத்துவிட்டேன்.

அம்மா வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"தா பாயா, தவுக்கே. வேணாம்" என்றாள் அந்த முதலாளியிடம். பிறகு என் பக்கம் திரும்பிச் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒன்ன வயித்துல வச்சுக்கிட்டு வெறுங்காலோட நடந்தவ நானு. அதுக்கு நீ எதுக்குடி பொட்டி மேல ஏறணும்?"

அந்தப் போட்டோவில் நான் தரையில்தான் நிற்கிறேன்.